உங்கள் முகச் சருமம் எவ்வகை?



திருமண நாள் குறித்துவிட்டால், நகை, ஜவுளிப் பட்டியலோடு முகக் கிரீம் ஒன்றும் பல வீடுகளில் சேர்ந்துகொள்கிறது. "ஒரே மாதத்தில் நிறம் வந்துவிடும்" என்று தோழி சொன்னதை நம்பி வாங்கிவிடுகிறோம். அக்காவுக்கு ஒத்துக்கொண்டது தங்கைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணுகிறோம். ஆனால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்குக்கூடச் சருமம் ஒரே வகையாக அமைவதில்லை. ஆகவே, முகத்தில் எதைப் பூசலாம் என்று கேட்பதற்கு முன், நம் சருமம் எவ்வகை என்று அறிவதே முறையாகும்.

கண்டறிவது எப்படி?

மென்மையான சோப்பினால் முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, எதையும் பூசாமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பின்னர் மெல்லிய டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, கன்னம், தாடை ஆகிய இடங்களில் தனித்தனியே ஒற்றிப் பாருங்கள். எல்லா இடத்திலும் எண்ணெய்க் கறை படிந்தால் அது எண்ணெய்ப் பசைச் சருமம். கறையே இல்லாமல் தோல் இழுத்துப் பிடித்தாற்போல் இருந்தால் வறண்ட சருமம். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் கறை இருந்தால் கலப்புச் சருமம். கறையும் இழுப்பும் இல்லாவிடில் இயல்பான சருமம். இவையன்றி, எதைப் பூசினாலும் எரிச்சலும் சிவப்பும் தோன்றுமாயின், அது எளிதில் பாதிப்படையும் சருமமாகும்.

இவ்வகை வாழ்நாள் முழுவதும் மாறாதது அன்று. பருவ வயதில் எண்ணெய் வழிந்த முகம், மாதவிடாய் நின்ற பின் வறண்டு போவதுண்டு.

வகைக்கேற்ற பராமரிப்பு

எண்ணெய்ப் பசை உள்ளவர்கள் நாளொன்றுக்கு இருமுறை மட்டும் சோப்போ ஃபேஸ்வாஷோ பயன்படுத்தினால் போதும். அடிக்கடி சோப்பிட்டுத் தேய்த்தால் தோல் புண்படுமேயன்றிப் பரு நீங்காது. பருவைக் கிள்ளுதல் கூடாது; தழும்பு நிலைத்துவிடும். முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவதையும் தவிர்ப்பது நலம்.

வறண்ட சருமத்தினர் வெந்நீரையும் காரம் மிகுந்த சோப்பையும் விலக்க வேண்டும். தோலின் இயல்பு சற்றே அமிலத்தன்மை உடையது. சாதாரணச் சோப்போ காரத்தன்மை கொண்டது. முகம் ஈரமாக இருக்கும்போதே, மணமற்ற மாய்ஸ்சரைசர் கிரீம் தடவிக்கொள்ளுங்கள். கலப்புச் சருமத்தினர் அதைக் கன்னத்தில் தாராளமாகவும் நெற்றி, மூக்கில் குறைவாகவும் பூசலாம். எளிதில் பாதிப்படையும் சருமத்தினர் புதிய பொருள் எதையும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாள்கள் பூசிப் பார்த்த பின்னரே முகத்தில் பயன்படுத்த வேண்டும். எலுமிச்சைச் சாறு எச்சருமத்துக்கும் ஏற்றதன்று. அதைப் பூசி வெயிலில் சென்றால் தோல் வெந்து கருமை படியக்கூடும்.

நாளுக்குப் பலமுறை ஒளு செய்யும் நமக்குத் தண்ணீர் பகையன்று. ஆயினும், ஒவ்வொரு முறையும் துண்டால் அழுத்தித் தேய்ப்பது தோலைப் புண்படுத்தும்; ஒற்றித் துடையுங்கள். காலையில் பூசிய சன்ஸ்கிரீன் ளுஹர் ஒளுவோடு பெரும்பாலும் கழுவப்பட்டுவிடும். அதன்பின் வெளியே செல்வதாயின் மீண்டும் பூச வேண்டும். எஸ்.பி.எஃப் 30 அல்லது அதற்கு மேற்பட்டதே போதிய பாதுகாப்பைத் தரும். கன்னத்தில் மங்கு உள்ளவர்களுக்கு இது மிக அவசியம். வெயில் பட்டால் மங்கு மேலும் கருக்கும்.

சிவப்பழகின் விலை

சில சிவப்பழகு கிரீம்களில் பாதரசம் கலக்கப்படுகிறது. அது நிறமி உருவாவதைத் தடுப்பதால் முகம் வெளுத்தாற்போல் தோன்றும். ஆனால் தோல் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைத் தாக்கும். கருவிலுள்ள குழந்தையையும் சென்றடையும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரக நோயாளிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், அரிய வகைப் பாதிப்புடைய 15 பேரைக் கண்டனர். அவர்களுள் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசியவர்கள்! கால் வீக்கமும் சிறுநீரில் நுரையும் இந்நோயின் அறிகுறிகள்.

மற்றொன்று ஸ்டீராய்டு களிம்பு. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சிடும். பின்னர் தோல் மெலிந்து சிவக்கும், பருக்கள் கிளம்பும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரிச்சல் பெருகுவதால், மீண்டும் அதையே நாட நேரிடும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என 2018-ஆம் ஆண்டில் மத்திய அரசு விதித்தது. நீண்ட நாள் பூசி வந்தவர்கள் தாமே திடீரென நிறுத்தாமல், தோல் மருத்துவரிடம் சென்று முறைப்படி விடுபட வேண்டும்.

தாய்மார்களே! உங்கள் வீட்டு அலமாரியில் உள்ள கிரீம்களை இன்றே எடுத்துப் பாருங்கள். தயாரிப்பாளர் முகவரியும் உட்பொருள் விவரமும் இல்லாதவை, மெர்க்குரி, கேலோமல் என்னும் பெயர்கள் உள்ளவை எவையாயினும் ஒதுக்கிவிடுங்கள். அவற்றைப் பூசியவர் துடைத்த துண்டின் வழியே, பூசாத பிள்ளைகளுக்கும் பாதரசம் சென்று சேரக்கூடும். பெண் பார்க்க வருவோரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். "நிறம் கொஞ்சம் குறைவு" என்று நாம் எளிதாகச் சொல்லிவிட்டு வரும் ஒரு சொல், ஓர் இளம் பெண்ணை இந்த நச்சுக் களிம்பை நோக்கித் தள்ளிவிடக்கூடும். அச்சொல்லை நம் வீடுகளிலிருந்து அகற்றுவோமாக!