நெல்லின் ஈரமும் அரசின் விலையும்

உத்திரமேரூர் ஏரிப் பாசன மண். சொர்ணவாரி, சம்பா, நவரை என எப்பருவமாயினும் இங்கு நெல்லே முதன்மை. 2025-26ஆம் ஆண்டுக்குச் சாதாரண நெல் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய், சன்ன நெல்லுக்கு 2,389 ரூபாய் என ஒன்றிய அரசு ஆதரவு விலை வகுத்தது. மாநில ஊக்கத்தொகை சேர, அவை 2,500, 2,545 ரூபாய் ஆயின. இதற்குக் குறைத்து வாங்கும் வணிகரைத் தண்டிக்கச் சட்டம் ஏதுமில்லை.

தண்டனையால் விலை நிற்பதுமில்லை. கி.பி. 301இல் உரோமைப் பேரரசர் டயோக்ளீசியன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்டங்களுக்கும் பலவகைக் கூலிகளுக்கும் உச்சவரம்பு விதித்து, மீறுவோர்க்குச் சாவொறுப்பு அறிவித்தார். பண்டங்கள் அங்காடியை விட்டு மறைந்தன. நம் அரசோ விலையைச் சொல்வதோடு, நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியே தானே கொள்வோனாகவும் வந்து நிற்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் திறந்திருக்கும் நாளில் வணிகரும் அவ்விலையை எட்டியே பேசுவார்.

ஆனால் அந்நிலையத்தின் வாயிற்காவலன் ஈரப்பதமானி. வரம்பு நூற்றுக்குப் பதினேழு. நாற்பது கிலோ மூட்டையில் அவ்வளவு ஈரமிருந்தால் நீர் 6.8 கிலோ, உலர்பொருள் 33.2 கிலோ. அதே உலர்பொருள் இருபத்திரண்டு விழுக்காட்டு ஈரத்தில் 42.5 கிலோவுக்குமேல் எடை காட்டும். கூடுதலான இரண்டரை கிலோ முழுதும் தண்ணீர்; கிலோ 25 ரூபாய் என்றால் மூட்டைக்கு அறுபது ரூபாய்க்கு மேல் தண்ணீருக்கே போகும். ஈரநெல் பூஞ்சை பிடித்து நிறமும் மங்கும். ஆகவே வரம்பு வீண் கெடுபிடியன்று. சோழன் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்ச் சபை, பொன்னின் தரம் பார்க்கவே பொன் வாரியம் வைத்திருந்தது. தரம் நாடாத விலை இவ்வூர்க்குப் புதிதாகவே இருந்திருக்கும்!

துன்பம் மழையில் தொடங்குகிறது. அறுத்த நெல்லைக் காயவைக்க வெயிலில்லை. களத்தில் குவித்துத் தார்ப்பாய் போர்த்துக் காத்திருக்க உழவரிடம் பொருளில்லை. வணிகர் கேட்ட விலைக்கே தள்ளிவிடுகிறார். அன்று அவருக்கு 2,500 ரூபாய் வெறும் எழுத்து.

கூலியும் அப்படித்தான்: சட்டம் சொல்வதால் அன்று, அரசே கொள்வோனாக வரும்போதுதான் நிற்கிறது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வயல்வரப்பில் அரிதாகவே கால்வைத்தது. நூறு நாள் வேலையோ அரசே ஆளெடுத்த திட்டம். வேலை நடந்த நாள்களில் நடவுக்கு ஆள் அழைப்போரும் அக்கூலியை எண்ணியே பேச வேண்டியதாயிற்று.

நெல்லுக்கான ஊக்கத்தொகையை ஆண்டுதோறும் சில ரூபாய் உயர்த்துவது எளிது, செய்தியுமாகும். அப்பணத்தில் ஒரு பங்கைக் கொள்முதல் நிலையந்தோறும் நெல் உலர்த்தும் பொறிக்கும் மேற்கூரைக்கும் செலவிட்டால், அறிவித்த விலை மழைக்காலத்திலும் உழவர் கைக்கு வரும்.