மேடையில் முக்கால் மணி நேரம்... மீதி வாழ்க்கை வேனில்! - மினிட்மென் குழுவின் டூர் கதை

ராக் இசைக்குழு டூர் போகிறது என்றதும் நம் கண்முன் வருவது என்ன? ஸ்டார் ஹோட்டல், கறுப்புக் கண்ணாடி, பின்னாலேயே ஓடிவரும் ரசிகர் பட்டாளம். 1980-களில் அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடிய ஒரு வேனுக்குள் இதில் ஒன்றுகூட கிடையாது. ஆம்ப்ளிஃபயர், டிரம்ஸ், கிடார் பெட்டிகள், அவற்றுக்கு நடுவே கிடைத்த இடத்தில் கால் நீட்டித் தூங்கும் ஓர் ஆள். ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவரும் அன்று இரவு மேடையேறி வாசிக்க வேண்டியவர்தான். வேன் நின்றதும் சாமான்களை இறக்குவதும் அவர்களேதான்.

அந்தக் குழுவின் பெயர் மினிட்மென். லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டிய சான் பீட்ரோ என்ற உழைப்பாளிகளின் ஊரைச் சேர்ந்தவர்கள். கிடாரும் பாட்டும் டி. பூன், பேஸ் கிடார் மைக் வாட், டிரம்ஸ் ஜார்ஜ் ஹர்லி. 1980-ல் ஆரம்பித்த இந்த மூவர் குழு ஆறே ஆண்டுகள்தான் இருந்தது. ஆனால், கையில் காசில்லாமல் ஓர் இசைக்குழு எப்படி ஊர் ஊராகப் போய்ப் பிழைக்கலாம் என்பதற்கு இன்றும் இவர்களைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

'போஸ்ட்-பங்க்' என்று ஒரு வகை இசை உண்டு. 1970-களின் பிற்பாதியில் பங்க் இசை வந்து, 'யார் வேண்டுமானாலும் மேடையேறலாம்' என்று கதவைத் திறந்துவிட்டது. அதே வேகத்தோடு ஃபங்க், ஜாஸ் என்று கண்டதையும் கலந்து, பாட்டின் வடிவத்தையே மாற்றிப் பார்த்தவர்கள் போஸ்ட்-பங்க் ஆட்கள். இங்கிலாந்தின் 'வயர்' குழு 1977-ல் வெளியிட்ட ஆல்பத்தில் ஒரு நிமிடம்கூடத் தாண்டாத பாடல்கள் இருந்தன. அதைக் கேட்ட பூனுக்கும் வாட்டுக்கும், 'பாட்டு நீளமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?' என்று தோன்றிவிட்டது. மினிட்மென் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் 7 பாடல்கள். ஏழையும் சேர்த்தாலே சுமார் ஆறரை நிமிடம்தான்!

மரத்திலிருந்து குதித்த நண்பன்

வாட்டின் அப்பா கடற்படையில் கப்பலின் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். அவருடைய பணி மாறுதலால்தான் குடும்பம் சான் பீட்ரோவுக்கு வந்தது. ஒருநாள் பூங்காவில் நடந்துபோன வாட் முன்னால், மரத்திலிருந்து ஒரு குண்டுப் பையன் தொப்பென்று குதித்தான். வேறு யாரோ நண்பன் என்று நினைத்துக் குதித்திருக்கிறான். அவன்தான் பூன். பேச ஆரம்பித்தால் ஜோக்குக்கு மேல் ஜோக். 'இவ்வளவு அறிவாளியை நாம் பார்த்ததே இல்லையே' என்று வாட் அசந்துபோனார். பையன் சொன்னதெல்லாம் நகைச்சுவைக் கலைஞர் ஜார்ஜ் கார்லினின் ரெக்கார்டிலிருந்து மனப்பாடம் செய்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நட்பு இறுகிவிட்டது.

இருவரையும் இசை பக்கம் தள்ளிவிட்டவர் பூனின் அம்மா. பசங்கள் தெருவில் சுற்றி வம்பில் மாட்டுவதைவிட வீட்டுக்குள் சத்தம் போடட்டும் என்பது அவர் கணக்கு. மகனுக்குக் கிடார், அவன் நண்பனுக்கு பேஸ் என்று முடிவு செய்ததும் அவர்தான். பேஸ் என்றால் என்னவென்றே வாட்டுக்கு அப்போது தெரியாது. சாதாரண கிடாரில் நான்கு கம்பிகளை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறார். 1978-ல் அந்த அம்மா இறந்துவிட்டார். மகன் மேடையேறி ஜெயித்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

'எகானோ' என்றொரு கணக்கு

சிறிய குழு ஒன்று டூர் போனால் வரவு எங்கிருந்து வரும்? கிளப்காரர் தரும் தொகை, இல்லையென்றால் வாசலில் வசூலாகும் டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு. கூடவே விற்கும் இசைத்தட்டு, டி-ஷர்ட். செலவோ கிளம்பும் முன்பே தொடங்கிவிடும். பெட்ரோல், சாப்பாடு, அறை வாடகை, வழியில் வண்டி மக்கர் செய்தால் மெக்கானிக். வரவைக் கூட்டுவது குழுவின் கையில் இல்லை. செலவைக் குறைப்பது மட்டும்தான் கையில் இருக்கிறது.

மினிட்மென் அதைத்தான் செய்தார்கள். சிக்கனமாக வாழ்வதற்கு 'எகானோ' என்று தங்களுக்குள் ஒரு பெயரே வைத்துக்கொண்டார்கள். தூக்கிச் சுமக்க ஆள் கிடையாது. ஹோட்டல் கிடையாது, ரசிகர் யாராவது வீட்டுத் தரையில் இடம் கொடுத்தால் அங்கே படுக்கை. 1984-ல் வெளிவந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் த டைம்' என்ற அவர்களின் இரட்டை ஆல்பத்தில் 40-க்கும் மேற்பட்ட பாடல்கள். அதைப் பதிவு செய்ய ஆன செலவு சுமார் 1,100 டாலர்தான்.

பெரும்பாலான குழுக்கள் ஆல்பத்தை விற்பதற்காக டூர் போகும். வாட்டின் கணக்கு நேர் எதிர். அவருக்கு உலகில் இரண்டே விஷயங்கள்தான். ஒன்று கச்சேரி, மற்றொன்று கச்சேரிக்கான நோட்டீஸ். ஆல்பம், பேட்டி எல்லாமே அவரைப் பொறுத்தவரை நோட்டீஸ். எங்கிருந்தோ வந்த வறட்டுத் தத்துவம் போலத் தெரியலாம். ஆனால், ரேடியோவில் பாட்டு வராத, டி.வி-யில் முகம் தெரியாத ஒரு குழுவுக்கு இதைவிட நடைமுறையான யோசனை இருக்க முடியாது.

அந்த ஆல்பத்தின் அட்டைப்படமே ஒரு சாலைக் குறும்பு. அப்போது அமெரிக்க நெடுஞ்சாலைகளில் வேக வரம்பு மணிக்கு 55 மைல். '55-ல் என்னால் ஓட்ட முடியாது' என்று ஒரு பிரபல ராக் பாடகர் ஹிட் பாட்டு கொடுத்திருந்த நேரம். 'சரியாக 55-ல் ஓட்டுகிறோம், பாட்டில்தான் துணிச்சல் காட்டுவோம்' என்று மினிட்மென் கிண்டலடித்தார்கள். வாட் ஃபோக்ஸ்வாகன் காரை ஓட்ட, ஸ்பீடோமீட்டர் முள் 55-ல் நிற்க, கண்ணாடியில் அவருடைய சிரிக்கும் கண்கள் தெரிய, எதிரே சான் பீட்ரோ என்ற பெயர்ப்பலகை. இத்தனையும் ஒரே ஃபிரேமில் விழ வேண்டும் என்று திரும்பத் திரும்ப ஓட்டி எடுத்த படம் அது.

சிரிப்பு மட்டுமே இருந்ததாக நினைத்துவிட வேண்டாம். 1983-ல் 'பிளாக் ஃபிளாக்' குழுவோடு ஐரோப்பா போனபோது கூட்டத்திலிருந்து எச்சில் பறந்து வந்தது. அந்தக் காலத்து பங்க் கச்சேரிகளில் அப்படி ஒரு கேவலமான வழக்கம் இருந்தது. வேனுக்குள் பூனும் வாட்டும் அரசியல், சரித்திரம் என்று மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். சில சமயம் கைகலப்பும் உண்டு. மேடையேறினால் எல்லாம் மறந்துவிடும். கிடார் சத்தம் பேஸை அமுக்கிவிடக் கூடாது என்று பூன் தன் கிடாரை மெல்லிய கூர்மையான ஒலியிலேயே வைத்துக்கொள்வார். மூன்று பேருக்கும் சம இடம் என்பது அவருக்கு வெறும் இசை விஷயம் அல்ல, அரசியல்.

ஓட்டுச்சீட்டு வந்தது, பாட ஆள் இல்லை

1985 டிசம்பரில் ஆர்.இ.எம். குழுவின் டூரில் சேர்ந்து பயணம். வேகமாக வளர்ந்துகொண்டிருந்த குழு அது. அதன் ரசிகர்களில் பலருக்கு மினிட்மென் யாரென்றே தெரியாது. டிசம்பர் 13 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில் கடைசி நிகழ்ச்சி. அடுத்து ஒரு மூன்று தட்டு ஆல்பம், அதில் பாதி மேடைப் பதிவு என்று திட்டம் வைத்திருந்தார்கள். எந்தப் பாடல்கள் வேண்டும் என்று ரசிகர்களே தேர்ந்தெடுக்க ஓட்டுச்சீட்டும் அச்சடித்துக் கொடுத்தார்கள்.

டூர் முடிந்து ஊர் திரும்பிய பூனுக்குக் காய்ச்சல். ஆனாலும் கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக அரிசோனாவுக்குக் கிளம்பினார். உடம்பு சரியில்லையே என்று வாட் சொல்லிப் பார்த்தார். வேனின் பின்பக்கம் படுத்துக்கொண்டு போகிறேன் என்றார் பூன். டூரில் எத்தனையோ இரவுகள் அப்படித்தானே போயிருக்கிறார்கள்! படுத்திருந்தவர் சீட் பெல்ட் போடவில்லை. டிசம்பர் 22, அரிசோனா பாலைவனத்தின் வழியே போகும் நெடுஞ்சாலை. வண்டி நிலைதடுமாறிச் சாலையைவிட்டு விலகியது. பின்கதவு வழியே தூக்கி வீசப்பட்ட பூனின் கழுத்து முறிந்தது. வயது 27.

மினிட்மென் அன்றோடு முடிந்தது. ரசிகர்கள் போட்ட ஓட்டுகளை வைத்து, ஏற்கெனவே பதிவாகி இருந்த மேடை ஒலிப்பதிவுகளைத் திரட்டி 1987-ல் 'பேலட் ரிசல்ட்' என்ற பெயரில் ஆல்பம் வெளியிட்டார்கள்.

வாட் பேஸைத் தொடவே மனமில்லாமல் இருந்தார். நியூயார்க்கின் 'சோனிக் யூத்' நண்பர்கள்தான் அவரைக் கூப்பிட்டு, தங்கள் ஆல்பத்தில் வாசிக்க வைத்தார்கள். அதே சமயம் ஒஹையோவிலிருந்து எட் க்ராஃபோர்டு என்ற இளம் ரசிகர், நேராக சான் பீட்ரோவுக்கே வந்து நின்றார். 'நீங்கள் வாசிப்பதை நிறுத்தக் கூடாது' என்பதுதான் அவர் கோரிக்கை. அவரைப் பாடகராக வைத்து வாட்டும் ஹர்லியும் 1986-ல் 'ஃபயர்ஹோஸ்' குழுவைத் தொடங்கினார்கள். மறுபடியும் வேன், மறுபடியும் ரோடு. 1994 வரை ஓடியது அந்த வண்டி.

2000-ல் உடலுக்குள் பரவிய தொற்றால் வாட் சாவின் விளிம்பு வரை போய்வந்தார். படுக்கையிலிருந்து எழுந்தபோது விரல்கள் சொன்னபேச்சைக் கேட்கவில்லை. 'ஸ்டூஜஸ்' குழுவின் எளிய பாடல்களை வாசித்து வாசித்துத்தான் பழைய கையை மீட்டார். 2003-ல் அந்த ஸ்டூஜஸ் குழுவே மீண்டும் சேர்ந்தபோது, பேஸ் வாசிக்க அழைக்கப்பட்டது யாரைத் தெரியுமா? வாட்டைத்தான்!

இக்கி பாப்புடன் பெரிய பெரிய மேடைகளைப் பார்த்துவிட்ட பிறகும், சொந்தக் குழுவோடு போகும்போது அவர் தேர்வு வேன்தான். போகிற வழியெல்லாம் டைரி எழுதித் தன் இணையதளத்தில் போடுவது அவர் வழக்கம். அன்று எந்த ஊரில் வாசித்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், ராத்திரி யார் வீட்டில் தூங்கினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அவர் வெளியிட்ட ஆல்பங்களில் பெரும்பாலானவற்றைச் சமர்ப்பித்திருப்பதோ, மரத்திலிருந்து குதித்த அந்த நண்பனுக்கு!