தண்ணீர் போனால்தான் மணம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் ஃப்ரைடு ரைஸ் கேட்டாள். வடித்த சோற்றை ஆவி பறக்கப் பறக்க அப்படியே வாணலியில் கொட்டி, கேரட், பீன்ஸ், சோயா சாஸ் போட்டுக் கிளறினேன். சோறு கரண்டியோடு ஒட்டிக்கொண்டு சுற்றி வந்தது. தட்டில் வைத்ததும் ஒரு வாய் எடுத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, இது சோயா சாஸ் பொங்கல்" என்றாள். கொட்டாமல் மிச்சம் வைத்திருந்த வெறும் சோறு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்தது. மறுநாள் அதை எடுத்து அதே வாணலியில், அதே எண்ணெயில் செய்தேன். பருக்கை பருக்கையாக உதிர்ந்து விழுந்தது.

செய்முறை மாறவில்லை. சோறும் அதிலிருந்த தண்ணீரும்தான் மாறியிருந்தன. சீனத்து ஃப்ரைடு ரைஸ் ஆகட்டும், தாய்லாந்தின் பச்சைக் கறி ஆகட்டும், வீட்டில் சொதப்பினால் நாம் மசாலாவைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர். அதை எப்போது விரட்டுவது, எப்போது திரும்பச் சேர்ப்பது என்று பிடிபட்டுவிட்டால் இரண்டுமே அரைமணி நேர வேலைதான்.

100 டிகிரியில் ஒரு பூட்டு

வெந்த சோற்றின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். உணவின் மேற்பரப்பு ஈரமாக இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. தீயை எவ்வளவு கூட்டினாலும் அந்த வெப்பம் தண்ணீரை ஆவியாக்கவே சரியாகப் போய்விடும். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 ஜூல் போதும். கொதிக்கும் அதே ஒரு கிராமை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 ஜூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்!

ஆனால் வறுபட்ட வாசனையும் பொன்னிறமும் 100 டிகிரியில் சரியாக வராது. அவற்றைத் தருவது, புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் சேர்ந்து நடத்தும் வேதிவினை. 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெய்லார்டின் பெயரால் 'மெய்லார்ட் வினை' என்கிறார்கள். சூடு 140 டிகிரியை ஒட்டி ஏறும்போதுதான் அது வேகம் பிடிக்கும். தோசை ஓரத்தின் முறுகலும் இதே வினைதான். ஈரம் போகாத சோறு வாணலியில் வறுபடுவதில்லை. இரண்டாம் முறை வேகிறது. என் பொங்கலுக்கு விளக்கம் இவ்வளவுதான்.

நேற்றைய சோற்றின் ரகசியம்

அரிசி மாவுச்சத்தில் இரண்டு வகைச் சங்கிலிகள் உண்டு. அமைலோஸ் பெரும்பாலும் நீண்டு நேராக இருக்கும். அமைலோபெக்டின் மரம்போலக் கிளை விரித்திருக்கும். வேகும்போது மாவுச்சத்து மணிகள் தண்ணீரைக் குடித்து உப்பி, இந்தச் சங்கிலிகள் கலைந்துபோகும். அதனால்தான் சூடான சோறு மெத்தென்று, தொட்டால் ஒட்டுவதாக இருக்கிறது.

ஆறத் தொடங்கியதும் கலைந்த சங்கிலிகள் மறுபடி நெருங்கி வரிசை கட்டுகின்றன. முதலில் சில மணி நேரத்துக்குள் அமைலோஸ். பிறகு மெல்ல மெல்ல அமைலோபெக்டின். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது ஃப்ரிட்ஜுக்குள், இது வேகமாக நடக்கும். பருக்கை விறைக்கிறது, மேல்பரப்பும் உலர்கிறது. நம் வீட்டுப் பழைய சோறு இரவெல்லாம் தண்ணீரில் ஊறும். ஃப்ரைடு ரைஸுக்கான பழைய சோறு இரவெல்லாம் தண்ணீரை இழக்கும்.

அமைலோஸ் கூடுதலாக உள்ள அரிசி உதிரும். குறைவாக உள்ளது ஒட்டும். பாஸ்மதி உதிர்வதும், அமைலோஸ் அறவே இல்லாத, அல்லது மிகச் சொற்பமாக உள்ள தாய்லாந்து ஒட்டரிசியை உருண்டை பிடித்துச் சாப்பிட முடிவதும் இதனால்தான். அன்றைக்கே செய்ய வேண்டுமென்றால், ஒரு கொதி முன்னதாகவே வடித்து, அகலமான தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். விறைப்பு அவ்வளவு வராது. மேல் ஈரமாவது போகும்.

அடுத்தது அடுப்பு. சீன உணவகச் சமையல்காரர்கள் வாணலியை உதறும் விதத்தைப் படம்பிடித்து ஆராய்ந்த ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஹங்டாங் கோ, டேவிட் ஹு இருவரும் 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். நொடிக்கு ஏறத்தாழ 2.7 முறை சோறு மேலே பறந்து விழுகிறதாம். அந்தரத்தில் பறக்கும் நேரத்தில் பருக்கை சற்று ஆறிக்கொள்ளும். அதனால் கடும் தீயிலும் கருகாது. நம் வீட்டு அடுப்புக்கு அந்தத் தீ கிடையாது. நாலு பேருக்கான சோற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கிவிடும், காய்களும் தண்ணீர் விடும். ஒரு தடவைக்கு இரண்டு தட்டு அளவு போதும். காய்களைத் தனியே வதக்கி எடுத்துவிட்டு, கடைசியில் சேர்ப்பது நல்லது.

எண்ணெய் பிரியும் சத்தம்

இனி பச்சைக் கறி. பச்சை மிளகாய், எலுமிச்சைப்புல், பேரரத்தை, பூண்டு, சின்ன வெங்காயம், கொத்தமல்லி வேர், இறால் விழுது எல்லாம் சேர்த்து அரைத்த விழுதுதான் இதன் உயிர். தேங்காய்ப்பாலைக் கொதிக்கவிட்டு அதில் விழுதைக் கரைத்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். தாய்லாந்துக்காரர்களின் பழைய வழி வேறு. முதலில் கெட்டியான முதல் பாலை மட்டும் சட்டியில் ஊற்றிக் காய்ச்சுவார்கள். தண்ணீர் வற்றி எண்ணெய் மேலே மின்னும்போதுதான் விழுது இறங்கும். அந்தப் பதத்துக்கு அவர்கள் சொல்லும் பெயர் 'தேக் மன்'; எண்ணெய் உடைவது என்று பொருள். நம் சமையல் குறிப்புகள் சொல்லும் 'எண்ணெய் பிரிய' என்பதும் அதேதான்.

தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய எண்ணெய்த் துளிகள். ஒவ்வொரு துளியையும் போர்த்தியிருக்கும் புரதப் படலம் அவற்றை ஒன்று சேரவிடாமல் தடுக்கிறது. சூட்டில் புரதம் குலைந்து, தண்ணீரும் ஆவியாகிப் போனால் துளிகள் ஒன்று கூடி எண்ணெயாகத் திரளும். கண்ணைவிடக் காது இதை முன்னதாகச் சொல்லிவிடும். தளதளவென்ற கொதிக்கும் சத்தம் மெல்லத் தேய்ந்து சடசடவென்று பொரியும் சத்தமாக மாறும். பூட்டு திறந்துவிட்டது என்று அர்த்தம்.

எலுமிச்சைப்புல்லுக்கு வாசனை தரும் சிட்ரல், மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசின் இரண்டும் எண்ணெயில் எளிதாகக் கரைபவை. தண்ணீரில் சரிவரக் கரையாதவை. எண்ணெயில் வதங்கிய விழுதின் மணம் கறி முழுக்கப் பரவுவது அதனால்தான். வதங்கிய பிறகே இரண்டாம் பால், காய் அல்லது கோழி, மீன் சாஸ், கொஞ்சம் வெல்லம். துளசியின் உறவான தாய்லாந்து இலையை அடுப்பை அணைத்த பிறகு தூவினால் போதும். கொதிக்கவிட்டால் மணமும் ஆவியோடு போய்விடும்.

கடையில் வாங்கும் டப்பா தேங்காய்ப்பால் எவ்வளவு காய்ச்சினாலும் பிரியாமல் அடம்பிடிக்கும். பிரியக் கூடாது என்பதற்காகவே பலவற்றில் நிலைப்படுத்திகளைச் சேர்த்திருப்பார்கள். ஒரு கரண்டி தேங்காயெண்ணெயை முதலில் காயவைத்து விழுதை அதில் வதக்குங்கள். வேலை முடிந்தது.

ஈரத்தைத் தேடி இன்னொருவர்

ஈரமான சோறு ஒரு பாக்டீரியாவுக்கும் பிடிக்கும். பெயர் பேசில்லஸ் சீரியஸ். அரிசியோடு வரும் இதன் வித்துகள் கொதிநீரிலும் பிழைத்துக்கொள்ளும். வெந்த சோறு வெதுவெதுப்பாக வெளியிலேயே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடுபடுத்தினாலும் அழியாது. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்களுக்கு வந்த வாந்தி நோயை ஆராய்ந்தபோதுதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. வேகவைத்த சோற்றை மணிக்கணக்கில் வெளியே வைத்திருந்ததுதான் காரணம்.

எனவே, நாளைக்கு ஃப்ரைடு ரைஸ் என்றால் இன்றைக்கே சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாளுக்குள் சமைத்து முடியுங்கள். ராத்திரி முழுக்க மேடையில் மூடிக் கிடந்த சோற்றை ஃப்ரைடு ரைஸ் ஆக்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.