காட்டுக் கணக்கில் நம் பங்கு எங்கே?

தோட்டப் பாட்டாளித் தோழர்களே! கிள்ளான் பள்ளத்தாக்கில் குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு, பகாங் செமந்தான் ஆற்றுத் தண்ணீர். 2014-ல் முடிந்த 44.6 கிலோமீட்டர் சுரங்கம் அதை மலைக்கடியில் உலு லங்காட்டுக்குக் கொண்டு வருகிறது. அந்த ஆற்றை வற்றாமல் காப்பது மலைக்காடு.

மரத்தை வெட்டி விற்றால் ஒரு தடவைதான் காசு. நிற்க விட்டால் தண்ணீரும் தரும், மண்ணையும் பிடிக்கும். இதற்கும் விலை உண்டு என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்கு 2019-ல் 6 கோடி வெள்ளி, 2024-ல் 20 கோடி வெள்ளி ஒதுக்கியது.

சாலையும் தோட்டமும் காட்டைத் துண்டு துண்டாக்கியதால், யானை செம்பனைக் கன்றைத் தேடி வருகிறது. துண்டுகளைச் சேர்க்கத் தீபகற்பத்தில் 2010-ல் 37 இணைப்பு வழிகளைக் குறித்தார்கள். தண்ணீரையும் மண்ணையும் அதிகம் காக்கும் வழியை முதலில் சேர்ப்பதே புத்தி.

நல்ல காரியம்தான். ஆனால் வழி தோட்டத்து நிரைக்குள் போனால்? நிலத்துக்கு ஈடு முதலாளிக்குப் போகும். குலை வெட்டுகிற நமக்கு? யானைக்கு வழி விடுவோம்; நமக்கு மாற்று வேலையும் வீடும் எழுத்தில் தரட்டும். கோடு போட்ட அப்புறம் கத்தி என்ன பிரயோசனம்? கிளைக் கூட்டத்தில் இப்போதே பேசுங்கள்.