வெள்ளி மோதிரத்தில் மின்னும் நீலக் கல்... அது நீலமா, டோபாஸா? வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

முகூர்த்த மாதம் வந்துவிட்டால் ஆத்தூர் கடைவீதியில் நகை வாங்க வருபவர்களுக்குக் குறைவே இருக்காது. தங்கம் விக்கிற விலையில், இப்போது பலரின் பார்வை வெள்ளிப் பக்கம் திரும்பியிருக்கிறது. அதிலும் நடுவில் வானத்து நிறத்தில் ஒரு கல் பதித்த மோதிரம், தோடு, டாலர் என்றால் கல்லூரிப் பெண்கள் முதல் புதுமாப்பிள்ளை வரை ஒரு நிமிஷம் நின்று பார்க்காமல் போக மாட்டார்கள்.

"இது என்ன கல்லுங்க அண்ணா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு கடையில் 'ப்ளூ டோபாஸ்' என்பார்கள். இன்னொரு கடையில் 'நீல புஷ்பராகம்'. வேறு எங்கோ, "நீலம்தாங்க, ஏழரைச் சனிக்குக் கூடப் போடலாம்" என்பார்கள். பார்க்க ஒரே கல், பெயர் மட்டும் மூன்று. இதில் கடைசிப் பெயரை நம்பிக் காசு கொடுத்தால்தான் சிக்கல்.

நீலம் எனப்படும் நீலக்கல் வேறு, நீல டோபாஸ் வேறு. தரமான நீலக்கல் ஒரு கேரட்டே பல ஆயிரங்களில் தொடங்கி லட்சங்களைத் தொடும். நீல டோபாஸ் பெரும்பாலும் நூறுகளில் பேசப்படும் கல். அழகில் குறைந்ததா என்றால் இல்லை. ஆனால் நூறு ரூபாய்ப் பொருளை ஆயிரத்துக்கு வாங்கக் கூடாது இல்லையா?

பெயரிலேயே குழப்பம்

டோபாஸைத் தமிழில் புஷ்பராகம் என்று அகராதியில் போட்டிருப்பார்கள். ஆனால் நவரத்தின மோதிரம் செய்பவரிடமோ, ஜோதிடரிடமோ புஷ்பராகம் என்றால் அவர் நினைப்பது குருவுக்கு உரிய மஞ்சள் கல். அது இன்றைய சந்தையில் பெரும்பாலும் மஞ்சள் சபையர், அதாவது நீலக்கல்லின் சொந்தக்காரக் கல். இரண்டும் 'குருந்தம்' என்ற ஒரே கனிமம். நிறம் மட்டும்தான் வேறு.

டோபாஸ் அந்தக் குடும்பமே கிடையாது. அது அலுமினியம், சிலிக்கா, ஃப்ளோரின் சேர்ந்த தனிக் கனிமம். ஆகவே 'நீல புஷ்பராகம்' என்று யாராவது சொன்னால், "டோபாஸா, சபையரா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கிரகத்துக்குக் கல் போடுவது அவரவர் நம்பிக்கை. கொடுக்கும் பணம் எந்தக் கல்லுக்கு என்பது நம்பிக்கை சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

இந்த நீலம் எங்கிருந்து வந்தது?

பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். இயற்கையில் நீல நிற டோபாஸ் அபூர்வம். கிடைப்பதும் பெரும்பாலும் வெளிறிய நீலம்தான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் தன் மண்ணில் கிடைக்கும் நீல டோபாஸை 1969-ல் மாநில ரத்தினமாகவே அறிவித்தது.

அப்படியானால் கடை கடையாகக் கொட்டிக் கிடக்கும் அடர் நீலக் கற்கள்? அவை மண்ணிலிருந்து எடுக்கப்படும்போது கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் இருந்தவை. பிரேசில், நைஜீரியா, இலங்கை போன்ற நாடுகளில் இப்படிப்பட்ட கல் நிறையக் கிடைக்கிறது. அதை எலக்ட்ரான் கற்றையிலோ அணு உலையின் நியூட்ரானிலோ வைத்து எடுப்பார்கள். தேவைப்பட்டால் பிறகு மிதமாகச் சூடேற்றுவார்கள். அப்போது கல்லுக்குள் ஏற்படும் மாற்றத்தால் நீலம் பிறக்கிறது.

எந்தக் கதிர் என்பதைப் பொறுத்து நிறம் மாறும். எலக்ட்ரான் கற்றையில் வருவது 'ஸ்கை ப்ளூ'. அணு உலையில் வருவது மை கலந்தது போன்ற 'லண்டன் ப்ளூ'. இரண்டையும் அடுத்தடுத்துச் செய்தால் பளிச்சென்ற 'ஸ்விஸ் ப்ளூ'. லண்டனுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இந்தக் கல்லோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லாம் வியாபாரப் பெயர்கள்.

'கதிர்வீச்சா? அப்ப போட்டா உடம்புக்கு ஆகாதே?' என்று பயப்பட வேண்டாம். அணு உலையில் வைத்த கல்லில் கொஞ்சம் கதிரியக்கம் ஏறும் என்பது உண்மை. அதனால்தான் அது அடங்கும் வரை, சில நேரம் மாதக்கணக்கில், கல்லைத் தனியாக வைத்திருந்து, அளந்து பார்த்த பிறகே விற்பனைக்கு விடுவது நடைமுறை. அமெரிக்காவில் இதற்கென்று அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமமே வேண்டும். இப்படி நிறமேற்றிய கற்களை அணிந்ததால் யாருக்கும் பாதிப்பு வந்ததாகத் தகவல் இல்லை என்றும் அந்த ஆணையம் சொல்லியிருக்கிறது.

கல் நிஜம், நிறம் மனிதன் கொடுத்தது. இதை மறைக்காமல் சொல்லி விற்றால் தப்பே இல்லை. நிறமற்ற மூலக்கல் ஏராளமாக, பெரிய பெரிய துண்டுகளாகக் கிடைப்பதால்தான் 10 கேரட் கல்லைக்கூட நடுத்தரக் குடும்பம் வாங்க முடிகிறது. அதே காரணத்தால் இது முதலீடு ஆகாது. திருப்பி விற்கப் போனால் வெள்ளிக்கு மட்டும்தான் காசு வரும்.

நம்ம கொங்கு மண்ணின் நீலம்

நீல டோபாஸைப் போலவே இருக்கும் இன்னொரு கல் அக்வாமரைன். இது பெரில் வகை. சேலத்துக்குத் தென்மேற்கே காங்கேயம் பக்கம் படியூரில் பழங்காலத்திலேயே பெரில் வெட்டி எடுத்திருக்கிறார்கள். நொய்யல் கரையில் உள்ள கொடுமணல் அகழாய்வில் கல்மணி செய்த பட்டறைகளின் தடயமே கிடைத்தது. பெரில் இந்தியாவில் இருந்துதான் வருகிறது, வேறிடங்களில் அரிது என்று கி.பி. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். நம் மண்ணின் நீலக் கல்லைக் கேட்பவர்கள் தேட வேண்டியது டோபாஸை அல்ல, அக்வாமரைனைத்தான். அதன் விலையும் டோபாஸைவிட அதிகம். அதனால் அந்தப் பெயரிலும் டோபாஸ் விற்பனை ஆகிறது.

கடையிலேயே சோதிக்கலாமா?

கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்வது அனுபவசாலிக்கே கஷ்டம். ஆனால் கல் தனியாக இருந்தால், கேரட் தராசை வைத்து ஒரு எளிய சோதனை செய்யலாம். முதலில் கல்லை எடை போடுங்கள். பிறகு தராசில் ஒரு சின்ன டம்ளர் தண்ணீரை வைத்து எடையை பூஜ்யம் ஆக்கிவிட்டு, கல்லை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள்.

5 கேரட் கல் என்று வைத்துக்கொள்வோம். நீலக்கல்லாக இருந்தால் தராசு சுமார் 1.25 கேரட் காட்டும். டோபாஸ் என்றால் சுமார் 1.42. அக்வாமரைன் 1.84 அளவில் வரும். 2 கேரட்டை ஒட்டி வந்தால் சாதாரணக் கண்ணாடியாக இருக்கலாம். நம்ம ஸ்கூல்ல படிச்ச ஆர்க்கிமிடீஸ் தத்துவமேதான்! ஆனால் ஒன்று: ஆய்வகத்தில் வளர்த்த நீலக்கல்லும் 1.25-தான் காட்டும். ஆகவே 'நீலம்' என்று பெரிய தொகை கேட்டால், ஜெய்ப்பூர், மும்பை போன்ற ஊர்களில் உள்ள ரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்று இல்லாமல் வாங்காதீர்கள்.

"ஹால்மார்க் இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்கலாம். பி.ஐ.எஸ். ஹால்மார்க் உறுதி சொல்வது உலோகத்துக்கு மட்டும். 925 என்றால் ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி. கல் அசலா, நிறம் ஏற்றியதா என்று அந்த முத்திரை எதுவுமே சொல்லாது.

தங்கத்தில் இந்தக் கல்லைப் பதிக்கச் சொல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். 5 கேரட் கல் என்பது சரியாக 1 கிராம். அதைக் கழிக்காமல் மொத்த எடைக்கும் தங்க விலை போட்டால், நூறுகளில் முடிய வேண்டிய கல்லுக்கு ஒரு கிராம் தங்கத்தின் காசு போய்விடும். பில்லில் தங்கத்தின் நிகர எடை தனியாகவும், கல்லின் பெயர், எடை, விலை தனியாகவும் இருக்க வேண்டும். 'இயற்கை டோபாஸ், நிறம் ஏற்றப்பட்டது' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் அதற்குத் தயங்க மாட்டார்.

டிசம்பர் ராசிக்கல்லா?

மாதத்துக்கு ஒரு கல் என்ற பட்டியலை அமெரிக்க நகை வியாபாரிகள் சங்கம் 1912-ல் ஒழுங்குபடுத்தியது. டோபாஸ் அதில் நவம்பருக்கு உரியது. நீல டோபாஸ் பிற்காலத்தில் டிசம்பரில் சேர்ந்துகொண்டது. நட்பு, மன அமைதி என்று சொல்லப்படும் அர்த்தங்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். டிசம்பரில் பிறந்த தங்கைக்குப் பிறந்தநாள் பரிசு கொடுக்க அது போதுமான காரணம். நம்ம ஊர் ஜாதகத்தில் அதற்கு இடம் கிடையாது.

கெட்டியான கல்தான், ஆனால்...

கடினத்தன்மை அளவுகோலில் டோபாஸ் 8. தெருப் புழுதியில் இருக்கும் மணல் 7-தான் என்பதால் சுலபத்தில் கீறல் விழாது. ஆனால் இதற்கு ஒரு பலவீனம் உண்டு. விறகைக் கோடாலியால் அடித்தால் நார் போகும் திசையில் பிளப்பது போல, டோபாஸும் ஒரு குறிப்பிட்ட திசையில் அடி பட்டால் 'டக்'கென்று பிளந்துவிடும். கிரைண்டர் கல்லைத் தூக்கும்போதும், பைக் ஸ்டாண்ட் போடும்போதும் மோதிரத்தைக் கழற்றி வைப்பது நல்லது.

சூடும் ஆகாது. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகள் கொலுசுக்குப் பேர் போனவை. கொலுசை நெருப்பில் காட்டிப் பற்றவைப்பது சாதாரணம். அதே கையோடு கல் மோதிரத்தை சைஸ் மாற்றக் கொடுத்தால், "கல்லைக் கழற்றிட்டு பத்த வைங்கண்ணா" என்று சொல்ல மறக்காதீர்கள். அதிக சூட்டில் ஏற்றிய நீலம் மங்கிவிடும், கல்லும் வெடிக்கலாம். பாலிஷ் கடையில் நீராவி மெஷின், அல்ட்ராசோனிக் மெஷின் இரண்டையும் வேண்டாம் என்றே சொல்லுங்கள். வெயிலில் போட்டுக்கொண்டு போனால் மட்டும் பயம் இல்லை. வெளிச்சத்தால் இந்த நிறம் போகாது.

வீட்டில் சுத்தம் செய்ய வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, மென்மையான பழைய டூத் பிரஷ் போதும். பாட்டி காலத்துப் பூந்திக்கொட்டைத் தண்ணீரும் நல்லதே. கல்லின் அடிப்பக்கத்தில் மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்துதான் பளபளப்பைக் குறைக்கும், அங்கே தேய்த்துவிடுங்கள். பாத்திரம் தேய்க்கிற பவுடர், புளி, பற்பசை எல்லாம் வெள்ளியையும் பதம் பார்க்கும். டப்பாவில் வைக்கும்போது தனித் துணியில் சுற்றி வையுங்கள். வைரமும் மாணிக்கமும் டோபாஸைக் கீறும்; டோபாஸ் முத்தைக் கீறும்.

எதுக்கு எது பொருந்தும்?

கடையின் மஞ்சள் விளக்கில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். லண்டன் ப்ளூ சின்னக் கல்லாக இருந்தால் மண்டப வெளிச்சத்தில் கறுப்பாகத்தான் தெரியும். சின்னத் தோட்டுக்கு ஸ்விஸ் ப்ளூவும், பெரிய டாலருக்கு லண்டன் ப்ளூவும் எடுப்பாக இருக்கும்.

நீலத்துக்கு வெள்ளிதான் சரியான ஜோடி என்பது என் கருத்து. தங்கத்தில் ஸ்கை ப்ளூ கொஞ்சம் வெளிறிப் போகும். மாப்பிள்ளைக்கு சேலம் வெண்பட்டு வேட்டி எடுத்திருந்தால், ஒற்றை லண்டன் ப்ளூ மோதிரம் போதும். இளம்பிள்ளைச் சேலையில் கடுகு மஞ்சள், மாம்பழ நிறம், வெளிர் சாம்பல் எல்லாவற்றோடும் ஸ்விஸ் ப்ளூ நன்றாகப் போகும். மயில் கழுத்து நிறச் சேலையோடு மட்டும் போட்டுவிடாதீர்கள், கல் சேலைக்குள் காணாமல் போய்விடும்!

தினமும் போட மோதிரம் என்றால், கல்லைச் சுற்றி வெள்ளி விளிம்பு அணைத்திருக்கும் மாதிரியை எடுங்கள். நாலு கொக்கியில் நிற்கும் கல் பார்க்க அழகு, ஆனால் முதல் மோதலிலேயே ஓரம் போகும். தோடு, டாலருக்கு அந்தக் கவலை இல்லை.

'நீலம்' என்று பில் போட்டு டோபாஸைக் கொடுத்திருந்தால், முதலில் பில்லோடு கடையில் கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம். பில்லில் வெறும் 'கல் மோதிரம்' என்று இருந்தால் நிரூபிப்பது கஷ்டம்.