கேம்கார்டரைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லையா?

கொல்லிமலையில் வசிக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வாங்கினார். ஒரே ஒரு கேசட்டுக்காகத்தான் அதை வாங்கினார். 2005 ஆம் ஆண்டு ஆடி மாதம், செம்மேட்டில் நடந்த வல்வில் ஓரி விழாவைத் தன் கேம்கார்டரில் எடுத்திருந்தார். விழாக் காட்சிகள் முடிந்தபின், வீட்டு வாசலில் அவருடைய பாட்டி தினை குத்தியபடி பேசும் காட்சி ஐந்து நிமிடம் வரும். பாட்டி இன்று இல்லை. அவர் குரல் அந்தக் கேசட்டில் மட்டுமே இருக்கிறது.

கேமராவை யு.எஸ்.பி. கேபிள் மூலம் இணைத்தார். திரையில் எதுவும் வரவில்லை. "கேமரா போயிடுச்சு போல. பழைய சாமான் கடையில போட்டுடட்டுமா?" என்று போனில் கேட்டார். அவசரப்பட வேண்டாம் என்றேன்.

கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை என்பதனாலேயே கேமரா கெட்டுவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலும் நாம் இணைக்கும் வழிதான் தவறாக இருக்கும். எதை எப்படிச் சோதிப்பது என்று பார்க்கலாம்.

கேமரா எந்த வகை?

கேமராவைத் திறந்து பாருங்கள். உள்ளே தீப்பெட்டி போன்ற சிறிய கேசட் இருந்தால் அது மினி-டிவி வகை (இங்கே டிவி என்பது டிஜிட்டல் வீடியோ). கேசட் இல்லாமல் மெமரி கார்டோ ஹார்ட் டிஸ்க்கோ இருந்தால் அதற்கு வழி வேறு.

கேசட் கேமரா என்றால்

இந்தக் கேமராக்களில் உள்ள யு.எஸ்.பி. போர்ட், பெரும்பாலும் மெமரி கார்டில் உள்ள போட்டோக்களை மாற்றுவதற்கு மட்டுமே. டேப்பில் உள்ள வீடியோவை முழுத் தரத்துடன் எடுக்க பயர்வயர் போர்ட் வேண்டும். கேமராவில் இது டி.வி. அல்லது ஐ-லிங்க் என்ற பெயரில் இருக்கும். ஐ.இ.இ.இ. 1394 என்பதும் இதுவே. என் நண்பர் சறுக்கியது இங்கேதான்.

இன்றைய லேப்டாப்களில் பயர்வயர் போர்ட் இருப்பதில்லை. டெஸ்க்டாப் என்றால் பயர்வயர் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். ஒரு முனையில் யு.எஸ்.பி., மறுமுனையில் பயர்வயர் எனக் குறைந்த விலையில் விற்கும் கேபிள்களை வாங்கி ஏமாற வேண்டாம். அவற்றால் டேப் வீடியோ வராது.

இணைக்கும் முன் இரண்டு வேலைகள். கேசட்டின் விளிம்பில் உள்ள சிறிய தாழை "சேவ்" பக்கம் தள்ளிவிடுங்கள். தவறி ரெகார்ட் பட்டனை அழுத்தினாலும் பழைய காட்சி அழியாது. அடுத்து, கேமராவை பேட்டரியில் இயக்காமல் அடாப்டரில் இணைத்து, "கேமரா" நிலையிலிருந்து "பிளே" அல்லது "வி.சி.ஆர்." நிலைக்கு மாற்றவும்.

டிரைவர் சரியா?

ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறக்கவும். மஞ்சள் நிறத்தில் ஆச்சரியக்குறி தெரிந்தால் அங்கேதான் சிக்கல். விண்டோஸ் 7 வரை, பழைய கேமராக்களுக்கு ஏற்ற "லெகசி" பயர்வயர் டிரைவர் உடன் வந்தது. விண்டோஸ் 8 முதல் அது நீக்கப்பட்டது. மைக்ரோசாப்ட் அதைத் தனியே டவுன்லோட் செய்யக் கொடுத்தது. அதை நிறுவிய பின், டிவைஸ் மேனேஜரில் 1394 கண்ட்ரோலருக்கு "லெகசி" என முடியும் டிரைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வீடியோவைப் பதிவு செய்ய வின்டிவி என்ற சிறிய இலவச புரோகிராம் போதும். ஒரு மணி நேர டேப்பை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும். டிஸ்க்கில் சுமார் 13 ஜிபி இடம் பிடிக்கும்.

பயர்வயருக்கு வழியே இல்லையா? மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட ஏ.வி. கேபிளை யு.எஸ்.பி. வீடியோ கேப்சர் சாதனத்தில் இணைத்துப் பதியலாம். தரம் சற்றுக் குறையும். ஆனால் காட்சி கைக்கு வந்துவிடும்.

கார்டு, ஹார்ட் டிஸ்க் கேமரா என்றால்

இவற்றுக்கு யு.எஸ்.பி. போதும். கேபிளை இணைத்த பின், கேமராவின் திரையில் "யு.எஸ்.பி. கனெக்ட்" போன்ற மெனுவை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். சில மாடல்கள் அடாப்டர் இணைத்திருந்தால்தான் கம்ப்யூட்டருடன் பேசும். சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிள்களும் உண்டு என்பதால் வேறு கேபிளையும் மாற்றிப் பாருங்கள். ஹப் வேண்டாம், நேரடியாகக் கம்ப்யூட்டரில் செருகவும். மெமரி கார்டு என்றால் அதைக் கழற்றி கார்டு ரீடரில் போடுவதே எளிது.

முக்கிய எச்சரிக்கை: "டிஸ்க்கை பார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் "கேன்சல்" அழுத்துங்கள். அவசரத்தில் "யெஸ்" அழுத்தினால் உள்ளே இருக்கும் வீடியோக்களை இழக்க நேரிடும்.

குளிரும் ஈரமும்

என்னிடம் விண்டோஸ் 7 உடன் பயர்வயர் கார்டு பொருத்திய பழைய டெஸ்க்டாப் ஒன்று உண்டு. நண்பரை நாமக்கல்லுக்கு வரச் சொன்னேன். மழைச்சாரலும் மூடுபனியுமாக இருந்த காலையில், எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்து சேர்ந்தார். கேமராவை ஆன் செய்ததும் திரையில் நீர்த்துளி அடையாளம் ஒன்று மின்னியது. எந்தப் பட்டனும் வேலை செய்யவில்லை. நண்பரின் முகம் வாடிவிட்டது.

இதுவும் பழுதல்ல. குளிர்ந்த இடத்திலிருந்து வெப்பமான இடத்திற்கு வரும்போது கேமராவின் உள்ளே ஈரம் படியும். அந்த நிலையில் டேப் ஒட்டிக்கொண்டு கிழியக்கூடும் என்பதால், கேமரா தானே இயக்கத்தை நிறுத்திவிடுகிறது. கேசட்டை வெளியே எடுத்து, மூடியைத் திறந்தபடி ஒரு மணி நேரம் வைத்தோம். அடையாளம் மறைந்தது. ஊர் விட்டு ஊர் செல்லும்போது கேமராவை பிளாஸ்டிக் பையில் நன்கு மூடி வைத்து, போன இடத்தில் ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் இந்தத் தொல்லை வராது.

பின்னர் பயர்வயர் கேபிளை இணைத்தோம். சில நொடிகளில் கம்ப்யூட்டர் கேமராவை அறிந்துகொண்டது. விழா ஊர்வலம் ஓடியது. அடுத்து உலக்கைச் சத்தம், பாட்டியின் குரல். நண்பர் எதுவும் பேசவில்லை. பதிவு முடிந்ததும் இரண்டு பென் டிரைவ்களில் காப்பி எடுத்துக்கொண்டுதான் பஸ் ஏறினார்.

இந்தக் கேமராக்களை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. 2025 இல் வெளியான மேக் ஓ.எஸ். 26 இலும் பயர்வயர் வசதி நீக்கப்பட்டுவிட்டது. உங்கள் பீரோவிலும் இப்படி ஒரு கேசட் இருந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமையே எடுத்து முயன்று பாருங்களேன்.