சிசெராவின் தாய்

பத்தொன்பது வருஷமாக சண்டே ஸ்கூலில் பாடம் எடுக்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. கோயில். ஆராதனை முடிந்ததும் பையன்கள் வேப்பமரத்தடியில் ஃபோனும் கையுமாகத் துப்பாக்கி கேம் ஆடக் குந்திவிடுவார்கள். “தலையிலயே போட்டுட்டேம்ல!” என்று ஒரு குரல் கேட்கும். எங்கள் போதகர் ஐயர் ஒருமுறை பிரசங்கத்திலேயே கண்டித்தார். மறுவாரம் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப்பக்கம் போய் ஆடினார்கள்.

போன மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) எனக்கு நியாயாதிபதிகள் நாலாம் அதிகாரம் வந்தது. இஸ்ரவேலரிடம் தோற்று ஓடிவந்த சேனாபதி சிசெரா, யாகேல் என்ற பெண்ணின் கூடாரத்தில் ஒளிகிறான். தண்ணீர் கேட்டவனுக்குப் பால் கொடுத்துப் போர்த்திவிடுகிறாள். அவன் அயர்ந்ததும் கூடார ஆணியை நெற்றிப்பொட்டில் வைத்துச் சுத்தியலால் இறக்குகிறாள். அந்த இடத்தில் நான் கரும்பலகையில் டொக்கென்று தட்டினேன். எல்லாம் கதை சொல்லும் ஆசைதான். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான்.

“நீங்க டொக்குன்னு சத்தம் போட்டுச் சொல்லலாம். நாங்க கேம்ல சுட்டா மட்டும் பாவமாக்கா?”

“உக்காருலே” என்றேன். வேறென்ன சொல்ல?

கேம் ஆடுகிறவன் கொலைகாரனாவான் என்பது நம் மேடைகளின் வழக்கமான பதில். அதை அவனிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வன்முறை கேம்களால்தான் கொடுங்குற்றங்கள் நடக்கின்றன என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமே 2020-ல் சொல்லிவிட்டது. கத்துவது, பிடித்துத் தள்ளுவது போன்ற முரட்டுத்தனங்களோடு சிறிய தொடர்பு உண்டு என்றும் சொன்னது. அதே வருஷம் செப்டம்பரில் இந்தியாவில் பப்ஜி கேமுக்குத் தடை வந்தபோது, “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்று என் அத்தைக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அது, தகவல் பாதுகாப்பு, நாட்டின் இறையாண்மை என்று காரணம் காட்டி 118 செயலிகளுக்கு மொத்தமாகப் போட்ட தடை. ரத்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எனக்கு உதவியவர் திருச்சபைப் பிதா அகஸ்தீன். தம் ‘அறிக்கைகள்’ நூலின் ஆறாம் புத்தகத்தில் நண்பன் அலிப்பியுஸைப் பற்றி எழுதுகிறார். நாலாம் நூற்றாண்டில், வட ஆப்பிரிக்காவிலிருந்து சட்டம் படிக்க ரோமுக்குப் போனவன். கிளாடியேட்டர் சண்டை என்றாலே அவனுக்கு அருவருப்பு. ஒருநாள் கூடப்படிக்கிறவர்கள் அவனைக் கட்டாயமாக இழுத்துப்போகிறார்கள். கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்காருகிறான், காதை மூடவில்லை. மைதானத்தில் ஒருவன் விழ, கூட்டம் அலறுகிறது. என்னதான் அது என்று கண் திறக்கிறது. பிறகு மூடவே முடியவில்லை. அடுத்தடுத்த தடவை மற்றவர்களை இழுத்துப்போகிறவனே அவன்தான். அவன் யாரையும் ஒரு அடிகூட அடிக்கவில்லை. இன்னொருவன் சாவில் அவனுக்கு ருசி தட்டிவிட்டது. அகஸ்தீன் பதறுவது அதற்குத்தான். கொலையைப் பற்றிய கட்டளையை இயேசு மலைப்பிரசங்கத்தில் உள்ளத்துக் கோபம்வரை கொண்டுபோகிறாரே, அதே வழி.

நான் கரும்பலகையில் தட்டி ஊட்டியதும் அந்த ருசியைத்தான். தியேட்டரில் விசிலடித்தவள்தான் நானும். இடைவேளைக்குள் இருபது பேர் சாகிற படங்களில், செத்த ஒருத்தன் வீட்டுக்காவது கேமரா போகிறதா?

மறுநாள் ஐந்தாம் அதிகாரத்தைத் திறந்தேன். இஸ்ரவேலின் தலைவி தெபோராளின் வெற்றிப் பாட்டு. அதன் முடிவில் சிசெராவின் தாய் வருகிறாள். ஜன்னலில் நின்று, மகனுடைய ரதம் வர ஏன் இத்தனை நேரம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாட்டு அவளைப் பரிகசிக்கிறது. இரக்கம் என்று நான் பூசி மெழுகமாட்டேன். ஆனாலும் எதிரிக்கு ஒரு தாயும் ஒரு ஜன்னலும் அங்கே இருக்கின்றன. யூதர்கள் புத்தாண்டுக்கு ஊதும் கொம்பின் ஒலி எப்படி இருக்கவேண்டும் என்று தால்மூத்தில் ரபிமார் விவாதிக்கும்போது, இவள் அழுகையைத்தான் அளவாக எடுக்கிறார்கள். தங்கள் பகைவனைப் பெற்றவளின் அழுகையை!

“கேம்ல செத்தவனுக்கு ஏதுக்கா அம்மா?” என்றான் அதே பையன்.

“ஏலே, நேத்து நீ என்னைப் போட்டப்ப எங்கம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கிட்டிருந்தா” என்றான் பக்கத்திலிருந்தவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

முன்வரிசையில் ஒரு சின்னப் பிள்ளை மட்டும் கையைத் தூக்கியபடியே இருந்தாள்.

“சிசெரா அம்மாகிட்ட யாருக்கா போய்ச் சொன்னா?”

வேதத்தில் அது இல்லை. புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது.